ஒரே வீட்டில் நூற்றுப் பன்னிரண்டு பேர்

நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவள். யாராவது கேட்டால் தலையைக் குனிந்துகொண்டுதான் இதைச் சொல்வேன். எழுதும்போது குனிய வேண்டியதில்லை. அதனால் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

முப்பத்திரண்டு வருசம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தேன். முழங்கால் மலை ஏற மறுத்த பிறகு வீட்டோடு நின்றேன். அந்தச் சமயம் எங்கள் தோட்டத்துப் பழைய பிள்ளை மடுவம் சும்மா கிடந்தது. வேலைக்குப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. புதிதாக வேறு கட்டிய பிறகு அதில் ஆடுதான் படுத்திருந்தது. டவுன் நூலகத்துக்காரர்கள் அதைக் கழுவி, நாலு அலுமாரிப் புத்தகம் வைத்து, வாசிகசாலை என்று பலகை மாட்டினார்கள். சாவியை யாரிடம் கொடுப்பது என்று கேட்டபோது, "இந்தா, இந்தம்மா வீட்டுல சும்மாதான இருக்காங்க" என்று என்னைக் காட்டினார்கள். நான் பொறுப்பாளர் ஆனது அப்படித்தான். ஆசைப்பட்டுக் கேட்கவில்லை. ஆனால் கையில் வந்த சாவியைத் திருப்பிக் கொடுக்கிற எண்ணமும் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

புத்தகம் கொடுக்கவும் வாங்கவும் எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். கோடு போட்ட கொப்பியில் பக்கத்துக்கு ஒரு லயத்தை வரைந்தேன். மேல் லயம், நடு லயம், கீழ் லயம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். வீட்டைக் காம்பரா என்போம். காம்பராவுக்கு ஒரு கட்டம். யார் புத்தகம் கொண்டுபோகிறார்களோ அவர்கள் காம்பராக் கட்டத்தில் புத்தகத்தின் நம்பரைப் பென்சிலால் எழுதுவேன். திரும்பி வந்ததும் அழித்துவிடுவேன். "அந்தச் செவப்பு அட்டைப் புத்தகம் எங்கங்க?" என்று யாராவது கேட்டால் கொப்பியைப் பார்த்து, "நடு லயத்துல ஆறாவது காம்பராவுல இருக்கு. நாளைக்கு வந்துரும்" என்பேன். ஏழு வருசத்தில் தொலைந்தது மூன்று புத்தகம். அதில் ஒன்றை ஆடு தின்றது.

போன வருசம் டவுன் நூலகத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மிஸ் மாற்றலாகி வந்தார். ஒருநாள் எங்கள் மேட்டுக்கு மூச்சு வாங்க ஏறி வந்து, சிலேட்டு மாதிரிக் கம்பியூட்டர் ஒன்றை, டெப் என்பார்கள், என் மேசையில் வைத்தார்.

"அம்மா, இனிமேல் எல்லாம் ஒன்லைனிலதான். அங்கத்தவர் விபரம் முழுக்க இதுக்குள்ள போட வேணும். சின்ன வாசிகசாலையள் கனக்க இருக்கு. ஐம்பது வீட்டுக்குக் குறைஞ்சதெண்டால் மூடிப்போட்டுப் புத்தகங்களை டவுனுக்கு எடுக்கச் சொல்லியிருக்கினம்."

டவுனுக்குப் போக பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். மலையிலிருந்து அஞ்சு மணிக்கு இறங்கி வருகிற பெண் எந்த பஸ்ஸைப் பிடித்து எந்தப் புத்தகத்தை எடுப்பாள்? இதையெல்லாம் மிஸ்ஸிடம் கேட்க நினைத்தேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

பழக்கிக் கொடுக்க ஹட்டனில் ரெண்டு நாள் வகுப்பு வைத்தார்கள். வாசலில் பேர் எழுதிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, "பாட்டி யாரோட வந்தீங்க? அவங்கள உள்ள அனுப்பிட்டு நீங்க அந்தப் பெஞ்சில ஒக்காருங்க" என்றார். நான் நேராக உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவர் எட்டிப் பார்த்தார். நான் கொப்பியைத் திறந்தேன். அவர் திரும்பிப் போய் அடுத்த ஆளின் பேரை எழுதினார்.

படிப்பித்தவர் ஓட்டமாக ஓடினார். நான் அவர் பின்னால் ஓடாமல், திரையில் இருந்த படங்களைக் கொப்பியில் வரைந்தேன். கைபிடி போட்ட ரொட்டிச் சட்டி மாதிரி ஒன்று: அதைத் தொட்டால் தேடலாம். குப்பை வாளி: அதைத் தொடவே கூடாது. ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக மூன்று கோடு: அதைத் தொட்டால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வரும். அந்த மூன்று கோடு எனக்கு உடனே பிடித்துப்போனது. மலை உச்சியில் நின்று கீழே பார்த்தால் எங்கள் மூன்று லயமும் அப்படித்தான் தெரியும்.

விரலை வைத்தால் டெப் திறக்கும் என்றார்கள். என் பெருவிரலை ஆறு தடவை வைத்தேன். அது என்னை ஆளாகவே எடுக்கவில்லை. ஆள்காட்டி விரலையும் எடுக்கவில்லை. "ரேகையெல்லாம் தேஞ்சு போச்சு பாட்டி, ஒங்களுக்கு இது சரி வராது" என்றார் படிப்பித்தவர். எனக்கு முகம் சுட்டது. கையை முந்தானைக்குள் ஒளித்தேன். பிறகு யோசித்தேன். கொழுந்து கிள்ளாத விரல் ஒன்று இருக்கிறதே. இடது கைச் சுண்டுவிரலை வைத்தேன். திறந்துகொண்டது. இன்றைக்கு வரைக்கும் அந்த விரல்தான் என் டெப்புக்குச் சாவி.

வீட்டுக்கு வந்தால் சிக்னல் இல்லை. வாசிகசாலையிலும் இல்லை. தோட்டத்திலேயே சிக்னல் வருகிற ஒரே இடம் கொழுந்து நிறுக்கிற மடுவத்தின் கல்படிதான். நாலு பேர் பார்த்தால் வேறு பக்கம் திரும்பி நடக்கிறவள் நான். கூடையோடு நூறு பெண்கள் வந்து நிற்கிற இடத்தில் போய் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேட வேண்டியதாயிற்று.

பக்கத்துக் காம்பராவில் இருப்பவள் எனக்கு முறைக்கு மதினி. ஒருத்தியை ஒருத்தி மதினி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவள் சும்மா விடுவாளா? கூடையை இறக்கி வைத்துவிட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"என்னா மதினி, நிறுக்கிறதுக்குப் புது மிஷின் கொண்டாந்திருக்கியா? எனக்கு ரெண்டு கிலோ கூட்டிப் போடு."

சிரிப்புச் சத்தம் எழுந்தது. நான் தலையைத் தூக்கவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. அடுத்த நாளும் போனேன். அதற்கு அடுத்த நாளும் போனேன். வெட்கம் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தது, நான் ஒரு பக்கம் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தேன்.

ஆளுக்கு ஒரு பக்கம். பேர், வயது, விலாசம். விலாசம் என்றால் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் ஒன்றுதான். தோட்டத்துப் பேர், டிவிசன், தபால் கந்தோர். பள்ளிக்கூடத்தில் அதைத்தான் எழுதப் படித்தோம். அடையாள அட்டையில் அதுதான், கல்யாணப் பத்திரத்தில் அதுதான். ஒரு தடவை எழுதியதை எடுத்து வேறு பக்கத்தில் ஒட்டுகிற வித்தையை ஹட்டனில் காட்டியிருந்தார்கள். அந்த வித்தை கைவந்ததும் எனக்குக் கொஞ்சம் கர்வமே வந்துவிட்டது. விலாசத்தை ஒரே ஒரு தடவை எழுதினேன். மிச்ச நூற்றுப் பதினொரு தடவையும் ஒட்டினேன். மதினியிடம் காட்டினேன். "அடியாத்தி, ஒரு தொடு தொட்டா முழுசா வந்து விழுதே" என்று அவளே வாயைப் பிளந்தாள்.

மூன்று வாரத்தில் முடித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு டவுனுக்குப் போனேன். மிஸ் தன் கம்பியூட்டரில் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் பார்த்தார்.

"அம்மா, உங்கட இடத்தில ஒரு வீடுதானே காட்டுது."

"நூத்திப் பன்னெண்டு பேரு போட்டிருக்கேங்க மிஸ்."

"பேர் இருக்கு. ஆனா எல்லாருக்கும் ஒரே விலாசம். ஒரே விலாசமெண்டால் இது ஒரு வீடெண்டுதான் எடுக்கும். ஒரு வீட்டில நூற்றிப் பன்னிரண்டு பேர்." பக்கத்து மேசையில் இருந்த கிளாக்கர் எட்டிப் பார்த்தார். "எப்பிடி அம்மா இருக்கிறீங்கள் எல்லாரும் ஒரு வீட்டுக்குள்ள?" என்று கேட்டார்.

"நெருக்கித்தாங்க" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கச் சொல்லவில்லை.

ஒரு விசயம் சொல்ல வேண்டும். எங்களுக்கு வரும் கடிதம் எங்கள் வாசலுக்கு வராது. தோட்டத்து ஆபீஸுக்கு வரும். அங்கிருந்து கணக்கப்பிள்ளை கொண்டுவந்து, காலையில் பெரட்டுக் களத்தில் வேலை பிரிக்கும்போது பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். அவருக்கு ஞாபகம் இருந்தால் கொடுப்பார். என் மகளுக்கு ஒரு வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. பரீட்சை முடிந்து ஒன்பது நாளுக்குப் பிறகுதான் அது என் கைக்குக் கிடைத்தது. "மேசையில கெடந்துச்சு" என்றார் கணக்கப்பிள்ளை. மகள் இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். குறை ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கு நான் கணக்கப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சரிங்க" என்று சொல்லிக் கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தச் "சரிங்க" இன்னும் எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

மிஸ் கெட்டவர் இல்லை. உதவத்தான் பார்த்தார். "இந்த மாதக் கடைசி வரைக்கும் நேரம் இருக்கு. ஒவ்வொரு ஆளுக்கும் வீட்டிலக்கமும் வீதியும் போட்டால் சரி. இதில வீதியளின்ர பேர் எல்லாம் இருக்கு. ஏதாவது ஒண்டைத் தெரிஞ்செடுத்துப் போடுங்கோ. ஆர் வந்து பாக்கப் போகினம்?"

"வேணாங்க மிஸ்" என்றேன்.

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். ஒரு உத்தியோகத்தரிடம் வேண்டாம் என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஏன் அம்மா?"

"நாங்க அந்த வீதியில இல்லீங்களே. லயத்துலதான இருக்கோம். லயம்னு போட ஒரு எடம் செஞ்சு குடுங்க."

"அது என்ர கையில இல்லை."

"யாரு கையில இருக்கோ அவங்ககிட்ட சொல்லுங்க மிஸ். நான் அது வரைக்கும் இப்படி ஒக்காந்திருக்கேன்."

பத்திரிகை வாசிக்கிற பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பத்திரிகையை எடுத்தேன், ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை, கீழே வைத்துவிட்டேன். மிஸ் யாருக்கோ போன் எடுத்தார். பிறகு இன்னொருவருக்கு எடுத்துச் சிங்களத்தில் பேசினார். மத்தியானம் தன் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துப் பாதியை என் பக்கம் தள்ளினார்.

"யுத்த நேரம் நாங்கள் முகாமில இருந்தனாங்கள். எங்கட கூடாரத்துக்கும் நம்பர்தான்" என்றார். "அந்த நம்பருக்குக் கடிதம் வந்தது." இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

மூன்று மணி போல அவர் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். வீதிகளின் பேர்களுக்குக் கீழே புதிதாக மூன்று வரி ஏறியிருந்தது. மேல் லயம். நடு லயம். கீழ் லயம். நான் மூன்றையும் வாய்க்குள் வாசித்தேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் நினைத்துப் பார்த்தேன். ஏழு வருசமாக என் கொப்பியில் கட்டம் கட்டமாக இருந்தது அதுதானே. யார் எங்கே இருக்கிறார்கள் என்று கொப்பிக்குத் தெரிந்திருந்தது. எழுதுகிற நான்தான், படிவம் என்றதும் பழைய பாடத்தை ஒப்பித்துவிட்டேன்.

கொப்பி போதும் என்றுதான் முதலில் இருந்தேன். ஆனால் கேட்கும்போது அவரவர் தன் காம்பரா நம்பரைச் சொல்லத் தெரிய வேண்டுமே. எந்தக் கதவிலும் நம்பர் இல்லை. கதவு கதவாக நம்பர் எழுத ஒரு சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மேல் லயத்தில் பிரச்சினை வந்தது. எந்தப் பக்கமிருந்து ஒன்று ஆரம்பிக்கிறது?

"கோயில் பக்கமிருந்துதான் எண்ணணும். சாமிய கடைசியில விடுவாங்களா?" என்றார்கள் அந்தக் கோடியில் இருப்பவர்கள்.

"தண்ணி எங்க வருது? பீலி எங்க பக்கம்தான இருக்கு. நாங்கதான் ஒண்ணு" என்றாள் மதினி.

"பீலிக்குப் பக்கத்துல கக்கூசும் இருக்கு, மதினி. அதையும் சேத்து எண்ணவா?" என்றேன்.

ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் நான், "மேல் லயம் கோயில் பக்கமிருந்து. நடு லயமும் கீழ் லயமும் பீலிப் பக்கமிருந்து. கம்பியூட்டருக்கு சாமியும் ஒண்ணுதான், தண்ணியும் ஒண்ணுதான்" என்றேன். நான் இவ்வளவு நீளமாகப் பேசி அவர்கள் கேட்டதே இல்லை. அதனாலோ என்னவோ அடங்கிப் போனார்கள். ஆனாலும் தன் கதவில் ஒன்று இல்லாமல் இருபது விழுந்ததற்கு மதினி ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் கணக்கப்பிள்ளை வந்தார். இப்போது அவர்களுக்கு வேறு இங்கிலீஷ் பதவிப் பேர். எங்களுக்கு அவர் கணக்கப்பிள்ளைதான்.

"என்னா பாட்டி, கம்பனி கதவுல கிறுக்கி வச்சிருக்க? யாரைக் கேட்ட?"

"யாரையும் கேக்கலீங்க."

"லயம் கம்பனியோடது. நம்பர் போடுறதுன்னா ஆபீஸ்தான் போடணும்."

"எங்க அம்மா காலத்துலருந்து போடலீங்களே."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அன்று பின்னேரம் ஈரச் சாக்கால் எல்லாக் கதவையும் துடைக்கச் செய்தார். நான் வாசிகசாலை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திருவிழாவுக்குக் கோயில் தூணில் பூசிய நீலப் பெயின்ட் அரை டின் மிச்சம் கிடந்தது. மறுநாள் அதைக் கேட்டு வாங்கி, மேல் லயம் ஒன்றாம் கதவில் தொடங்கினேன். பெயின்ட் ஈரச் சாக்குக்குப் போகாது. கையெழுத்து கோணல்தான். நாற்பதாவது கதவுக்குள் நேராகிவிட்டது. கணக்கப்பிள்ளை ரோட்டில் நின்று பார்த்தார். நான் திரும்பவில்லை. தலையைத் திருப்பினால் "சரிங்க" என்று சொல்லிவிடுவேனோ என்று பயம்.

பிறகு மடுவத்துப் படியில் திரும்ப உட்கார்ந்தேன். இந்தத் தடவை ஒட்டுகிற வேலையே இல்லை. ஒவ்வொன்றாக எழுதினேன். நிறுக்க வந்து நின்ற பெண்கள் தாங்களாகவே கத்தினார்கள்.

"கீழ் லயம் ஒம்பது! நல்லாப் பாத்துப் போடுங்கக்கா, ஆறா ஆக்கிப்புடாதீங்க."

"நடு லயம் பதினாலு. நாங்க நாலு பேரு வாசிக்கிறோம். எம் புருசன் வாசிக்கல, படம் மட்டும் பாப்பாரு. அவரையும் போடலாமா?"

"போடலாம்" என்றேன்.

மாதம் முடிய ரெண்டு நாள் இருக்கும்போது எல்லாரையும் போட்டு முடித்தேன். திரையில் வீடுகளின் எண்ணிக்கை வந்தது. நாற்பத்தொன்பது. திரும்ப எண்ணினேன். நாற்பத்தொன்பதுதான். சிலர் ஒரே காம்பராவில் ரெண்டு மூன்று குடும்பமாக இருப்பவர்கள். அதைக் கம்பியூட்டரிடம் சொல்லி என்ன பிரயோசனம்?

"கணக்கப்பிள்ளை இருக்கிற குவாட்டஸ் வீடு ஒண்ணு இருக்குல்ல? அவருகிட்ட கேட்டுப் பாருங்க" என்றார்கள் சுற்றி நின்ற பெண்கள்.

"கேக்கமாட்டேன்."

"அப்ப மூடிருவாங்களே."

"மூடட்டும். அந்த வாசல்ல போயி நான் நிக்கமாட்டேன்."

சொல்லிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோபம் ஆறியிருந்தது. டெப்பைப் பிடுங்கி, விரலால் மெதுவாக இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

"நான் மேல் லயம் இருபது. அந்தப் பக்கம் பதினெட்டு இருக்கு. பத்தொம்பது எங்க மதினி?"

பத்தொன்பது என் காம்பரா.

எங்கள் பெண்களுக்கு இது பழக்கம். வீட்டில் ரொட்டி சுட்டு எல்லாருக்கும் எண்ணி வைப்போம். கடைசியில் பார்த்தால் நமக்கு இருக்காது. ஏழு வருசமாகப் புத்தகங்களைத் துடைத்து அடுக்கி, கிழிந்ததை ஒட்டி, இருந்த எல்லாவற்றையும் வாசித்தும் முடித்திருந்தேன். நான் அங்கத்தவர் இல்லை.

பேர் எழுதினேன். வயது எழுதினேன். மேல் லயம், பத்தொன்பது. தொழில் என்று கேட்டது. 'இல்லை' என்று ஒரு சொல் தயாராக இருந்தது. அதைத் தொடவில்லை. நூலகப் பொறுப்பாளர் என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன். ஐம்பது என்று வந்தது.

அடுத்த வாரம் மிஸ் பார்க்க வந்தார். வழி காட்ட நான் எழுந்தேன். "நீங்கள் இருங்கோ அம்மா" என்று சொல்லி, டெப்பைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக இறங்கினார். கால் மணி நேரத்தில் கீழ் லயம் பதினொன்றில், கால் விளங்காமல் படுக்கையில் இருக்கிறவளின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, அவள் எடுத்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். யாரிடமும் வழி கேட்கவில்லையாம்.

"கதவில நீலத்தில இருக்கு" என்றார். "சரி அம்மா. சாவி உங்களிட்டையே இருக்கட்டும்."

நான் தேத்தண்ணி ஊற்றினேன். இந்தத் தடவை அவரோடு நானும் உட்கார்ந்து குடித்தேன்.

போன மாதம் ஒரு மத்தியானம் கணக்கப்பிள்ளை வாசிகசாலைக்கு வந்தார். வெளியில் கொஞ்ச நேரம் பலகையை வாசித்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்து, அலுமாரியைச் சுற்றி, தடியான ஒரு துப்பறியும் கதையை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"இதக் கொண்டுபோறேன் பாட்டி."

"அங்கத்தவராச் சேரணுங்க."

"சேத்துக்க."

டெப்பைச் சுண்டுவிரலால் திறந்தேன். பேர் போட்டேன். வயதைக் கேட்டேன், சொன்னார். "வீட்டு நம்பருங்க?"

"குவாட்டஸ்னு போடு."

"அதுக்கு எடம் இல்லீங்க. நம்பர் கேக்குது."

புத்தகம் எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. நான் குனிந்து மேசைக்குக் கீழே இருந்த நீலப் பெயின்ட் டின்னை எடுத்து, புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"பிரஷ்ஷ மண்ணெண்ணெய்ல ஊறப் போட்டுத் தர்றேங்க" என்றேன். "நீங்களே எழுதிக்கிறீங்களா, இல்ல நான் வந்து எழுதணுங்களா?"